கட்டி தெரிந்த மறுநாள்

(ஊராட்சிப் பிரதிநிதிகளும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது மார்பகப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொண்டீர்களா என்பது கேள்வி. தமிழ்நாட்டில் ‘ஆமாம்’ என்றவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை, 0.9 சதவீதம். வீட்டுப் பிரசவம் என்பதே ஏறக்குறைய மறைந்துபோன மாநிலம் நம்முடையது. அதே துணை சுகாதார நிலையம்தான், அதே நர்சம்மாதான், அதே பெண்கள்தான். இருபத்தைந்து வயதில் பிரசவத்துக்கு வந்தவர், நாற்பத்தைந்து வயதில் மார்பைக் காட்டுவதற்கு வரவில்லை.

அதனால் என்ன ஆகிறது? 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததாகவும், ஏறத்தாழ 6,70,000 பேர் இறந்ததாகவும் கணிப்பு. அதே ஆண்டில் இந்தியாவில் புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 1,92,000 பேர். இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகக் கணக்கில் மூன்று பேருக்கு நோய் வந்தால் இறப்பவர் ஒருவருக்கும் குறைவு. நம் நாட்டில் இரண்டு பேருக்கு வந்தால் ஒருவர் போய்விடுகிறார். நம் பெண்களுக்கு வருகிற நோயில் கொஞ்சம் வேகமான வகைகள் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அது சிறு பங்கு. பெரும் பங்கு, நாம் பிந்தி வருவது. வந்த பிறகும் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போவது.

ஏன் பிந்தி வருகிறார்கள் என்று கேட்டால், படித்தவர்கள் உடனே ‘அறியாமை’ என்பார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்பதில்லை. புறநோயாளிப் பிரிவில் அதிகம் கேட்ட வாக்கியம், “வலிக்கலை டாக்டர், அதான் விட்டுட்டேன்” என்பது. உடம்பில் எது வலிக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது உழைக்கிறவர்களின் கணக்கு. அது தவறான கணக்கும் அல்ல. முதுகு வலித்தால் களை எடுக்க முடியாது, முட்டி வலித்தால் வரப்பில் நடக்க முடியாது. மார்பில் பட்டாணி அளவு ஒரு கட்டி இருந்தால் எந்த வேலையும் நிற்பதில்லை. ஆனால் இந்த நோயின் தொடக்கக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலி வரும்வரை காத்திருப்பவர், நோய் முற்றும்வரை காத்திருக்கிறார் என்றுதான் பொருள். பிறகு நடவு வரும், அறுப்பு வரும், மகளின் பேறுகாலம் வரும், பொங்கல் வரும். எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது தோல் சுருங்கி, காம்பு உள்ளே இழுத்து, அக்குளில் நெறி கட்டியிருக்கும்.

இன்னொன்று, ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பயம். ஊசி குத்திச் சதை எடுத்தாலே பரவிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். பயாப்ஸி எடுப்பதால் நோய் பரவிப் பெண்கள் சாவதில்லை. பயாப்ஸி இல்லாமல் எந்த மருத்துவரும் புற்று என்று உறுதி சொல்ல முடியாது, எந்த மருந்து கேட்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறேன். ஊரில் ஒருவர் மிகவும் முற்றிய நிலையில் போகிறார். ஆபரேஷன் நடக்கிறது. ஆறு மாதத்தில் இறந்துவிடுகிறார். ஊர் பார்த்தது கத்தியையும் சாவையும். அதற்கு முன் இரண்டு வருஷம் அவர் கட்டியை மறைத்து வைத்திருந்ததை ஊர் பார்க்கவில்லை. கண்ணால் கண்டதை வைத்துத்தான் ஊர் பேசுகிறது. ஆரம்பத்திலேயே வந்து, ஆபரேஷன் முடிந்து, பத்து வருஷம் கழித்தும் நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணைக் கண்ணால் கண்டால் ஊர் வேறு மாதிரிப் பேசும். எத்தனை துண்டறிக்கை கொடுத்தாலும் அந்த ஒரு பெண்ணுக்கு ஈடாகாது.

சரி, பரிசோதனை என்றால் என்ன பரிசோதனை? எல்லோருக்கும் உடனே மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் ஞாபகத்துக்கு வருகிறது. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டு முதல் இதை அரசே நடத்துகிறது. 50 வயது தாண்டிய பெண்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்குக் கடிதம் வரும். அங்கே எந்திரத்தைவிடப் பெரிய விஷயம் அந்தக் கடிதம். யாருக்கு எத்தனை வயது, யார் வந்தார், யார் வரவில்லை என்ற பதிவேடு அதன் பின்னால் இருக்கிறது. நாம் எந்திரத்தைப் பார்த்து ஆசைப்படுகிறோம்; பதிவேட்டைப் பார்ப்பதில்லை.

தவிர, நம் நாட்டில் இந்த நோய் மேல்நாடுகளைவிடச் சுமார் பத்து வயது முன்னதாகவே வருகிறது. இளவயது மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பிரித்துப் பார்ப்பது கஷ்டம். படத்தை வாசிக்கத் தேர்ந்த ரேடியாலஜிஸ்ட் வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு எந்திரம் வாங்கிவிடலாம். ஒன்றியத்துக்கு ஒரு ரேடியாலஜிஸ்ட் எங்கே கிடைப்பார்? அக்டோபர் மாதம் வந்தால் இளஞ்சிவப்பு நாடா கட்டிய வேன்கள் ஊர் ஊராக வருகின்றன. நல்ல எண்ணத்தில்தான் வருகின்றன. ஆனால் நவம்பரில் அந்த வேன் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கையால் பார்த்தாலே போதுமா என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே பதில் தேடியிருக்கிறார்கள். மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்று, வீட்டருகே சென்று கையால் மார்பகப் பரிசோதனை. செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி கொடுக்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள். இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள், பரிசோதனை இல்லாத பகுதியில் நூற்றுக்கு 47. பரிசோதனை நடந்த பகுதியில் 37. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் இந்த நோயால் வரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறைந்ததாக நிரூபணம் கிடைக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நமக்கு இன்னும் பக்கத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அதன் முதல் சுற்றின் எண்கள் எனக்கு மனப்பாடம். கையால் பரிசோதிக்கப்பட்ட பெண்கள் 50,366. ‘சந்தேகமாக இருக்கிறது, மேலே பார்க்க வேண்டும்’ என்று சொல்லப்பட்டவர்கள் 2,880. அவர்களில் புற்று உறுதியானது 30 பேருக்கு.

இந்த எண்களில் கொஞ்சம் நிற்போம். 2,880 பேரில் 30. நூற்றுக்கு ஒருவர். மீதி 2,850 பேருக்குச் சாதாரணக் கட்டி, நீர்க்கட்டி, அல்லது கட்டியே இல்லை. அந்த 2,850 பேரும் ‘எனக்குப் புற்றோ’ என்று எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார்கள்? அவர்களுக்கு ‘உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா’ என்று யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பரிசோதனையால் நாம் அவர்களுக்குத் தந்தது பயம் மட்டும்தான். அந்த 30 பேரோ, கூட்டத்தில் கலந்து நிற்கிறார்கள். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேனும் ஊசியும் நுண்ணோக்கியும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். இவை எதுவும் ஊரில் இல்லை. இன்னொரு கசப்பான விஷயம்: அந்த ஆய்வில் நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கை தவறவிட்டது. அப்படியும், தொடக்க நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பரிசோதனை நடந்த பகுதியில் லட்சத்துக்கு 18.8 பேர், நடக்காத பகுதியில் 8.1 பேர்தான். ஒருமுறை தவறவிட்டதை அடுத்தமுறை பிடிக்கத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்கிறது. மும்பையில் பலன் கண்டது இரண்டாண்டுக்கு ஒருமுறை செய்து. ஐந்தாண்டு மிக நீண்ட இடைவெளி என்பது என் கருத்து.

‘நாங்களே எங்களைச் சோதித்துக்கொண்டால் போதாதா?’ என்று போன கூட்டமொன்றில் ஒரு சகோதரி கேட்டார். சீனாவின் ஷாங்காய் நகரத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலைத் தொழிலாளர் பெண்களை வைத்து இதைப் பார்த்தார்கள். சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடம் சாவு குறையவில்லை. வேண்டாத பயாப்ஸிகள்தான் கூடின. ஆகவே மாதாமாதம் விரதம் போலச் செய்ய வேண்டாம், செய்யாவிட்டால் குற்ற உணர்வும் வேண்டாம். குளிக்கும்போது உங்கள் உடம்பை நீங்கள் அறிந்திருந்தால் போதும். புதிதாகக் கட்டி, தோலில் குழி, காம்பில் ரத்தக் கசிவு, இவற்றில் ஒன்று தெரிந்தால் அந்த வாரமே வாருங்கள்.

நான் பேச வந்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. கட்டி தெரிந்த மறுநாள் என்ன நடக்கிறது?

கருப்பை வாய்ப் புற்றுநோயோடு ஒப்பிட்டால் புரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமங்களுக்குப் போய், வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பை வாயைப் பார்த்தார்கள். மாற்றம் தெரிந்தால் தகுதியுள்ள பெண்ணுக்கு அங்கேயே குளிர்முறைச் சிகிச்சை. ஒரே சுற்றில் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. அம்பிளிக்கை என்ற சிற்றூரிலிருக்கும் மருத்துவமனை அதில் முக்கியப் பங்கு வகித்தது. பார்த்த இடத்திலேயே சிகிச்சை என்பதுதான் அதன் பலம். மார்பகத்தில் அந்த வசதி கிடையாது. நர்சம்மா கட்டியைத் தொட்டதும் வேலை முடிவதில்லை. பெண்ணின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தாலுகா ஜி.எச். அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி. ஓ.பி. காலையில்தான். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் சீட்டு வாங்க முடியும். டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணமில்லை; நல்ல திட்டம். ஆனால் ஜி.எச். வரைதான் டவுன் பஸ். மருத்துவக் கல்லூரிக்குப் போகும் மொபசல் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும், துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்து. ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசி குத்த ஒரு நாள், “ரிப்போர்ட் பத்து நாள் கழிச்சு வாங்க” என்றால் இன்னொரு நாள். அன்றைக்கு ரிப்போர்ட் வந்திருக்காது. ஒவ்வொரு நாளும் இரண்டு பேரின் கூலி போகிறது. மூன்றாவது தடவையில் வீட்டுக்காரர் “அதான் வலிக்கலையே” என்பார். பெண்ணும் அதற்குத்தான் காத்திருந்தவர் போல நின்றுவிடுவார். முகாம் பதிவேட்டில் அவர் ‘பரிசோதிக்கப்பட்டவர்’. கணக்கு முடிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதற்கொரு அளவுகோல் சொன்னது. நோய் கண்டவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் தொடக்க நிலைகளில் கண்டறியப்பட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்து 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும். 80 சதவீதம் பேர் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். இந்த மூன்றில் எந்த எண்ணாவது நம் முகாம் பேனர்களில் உண்டா? பேனரில் இருப்பது எத்தனை பேர் வந்தார்கள் என்பது மட்டும்.

பயணத்தைக் குறைக்க வழி இருக்கிறது. ஸ்கேனை ஊருக்குக் கொண்டு போகலாமே என்பீர்கள். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஸ்கேன் எந்திரமும் பதிவு செய்யப்பட்டது. கையில் எடுத்துப் போகும் எந்திரங்களுக்கு 2012இல் விதிகள் மேலும் இறுகின. பெண் குழந்தையைக் காப்பாற்ற வந்த சட்டம். தளர்த்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அப்படியானால் பெண் ஒரே ஒருமுறை ஜி.எச்.சுக்கு வரட்டும். அன்றைக்கே கை, ஸ்கேன், ஊசி மூன்றும் முடியட்டும். அதன்பிறகு அவர் பயணம் செய்ய வேண்டாம், அவர் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு பயணம் செய்யட்டும். ஃபார்மலின் ஊற்றிய சிறு புட்டியில் போட்டு, எடுத்த நேரத்தை மேலே எழுதி, மருத்துவக் கல்லூரி நோய்க்கூறு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். நேரம் எழுதுவது சும்மா இல்லை. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகவோ 72 மணி நேரத்துக்கு மேலாகவோ ஃபார்மலினில் கிடந்தால், ஹார்மோன் மருந்து கேட்குமா என்று சொல்லும் பரிசோதனையை நம்ப முடியாது. வெள்ளிக்கிழமை எடுத்த துணுக்கு திங்கட்கிழமை மாலை வரை மேஜையில் கிடந்தால் கெட்டது. இதற்கு வேண்டியது கோடி ரூபாய் எந்திரம் அல்ல. பொறுப்பான ஒரு ஆள், ஒரு பெட்டி, ஒரு பைக்.

அடுத்து, திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். மகாராஷ்டிரத்தில் பார்சி என்ற ஊரைச் சுற்றி 1987இல் நாட்டின் முதல் கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. நகரத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க் கணக்கெடுக்கலாம். கிராமத்தவர்கள் ஆஸ்பத்திரிக்கே போகாதபோது எங்கே கணக்கெடுப்பது? பதிவேட்டுப் பணியாளர்களே ஊர் ஊராகப் போனார்கள். பெரியவர்களை உட்கார வைத்து, இப்படி இப்படி அறிகுறி இருந்தால் சொல்லுங்கள் என்று விளக்கினார்கள். எண்ணத்தான் போனார்கள். போகப்போக, கருப்பை வாய்ப் புற்றுநோயாளிகள் முன்னைவிடத் தொடக்க நிலையிலேயே வரத் தொடங்கியதைக் கண்டார்கள். தெரிந்த முகம் மறுபடி மறுபடி வந்தால் ஊர் பேசத் தொடங்குகிறது.

அப்படித் தெரிந்த முகங்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்கள். மும்பை ஆய்வில் பலன் கண்டதும் அதே வயதினர்தான். ஆனால் பரிசோதனை முகாமுக்கு வருகிறவர்கள் இளம் தாய்மார்கள். ஐம்பத்தைந்து வயதுப் பெண், “பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனிமே எனக்கென்ன” என்று வீட்டில் இருந்துவிடுகிறார். மாத்திரை கொடுக்க வரும் அதே பெண், “அக்கா, மாரைக் காட்டி எத்தனை வருஷமாச்சு? வியாழக்கிழமை நர்சம்மா இருப்பாங்க, நானும் வரேன்” என்று சொன்னால் அவர் வருவார். 2023இல் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு தொடங்கிய திட்டம், வீடுவீடாக அழைத்துப் பரிசோதிக்கும் முறையில் போகிறது. சரியான திசை. அழைப்பதில் காட்டும் அக்கறையைத் தொடர்வதிலும் காட்டினால் நாட்டுக்கே வழிகாட்டலாம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ‘கரண்ட் வைப்பது’ என்று நீங்கள் சொல்லும் ரேடியேஷன் முன்பு ஐந்து வாரம். இப்போது பலருக்கு மூன்று வாரமே போதும். மருத்துவரிடம் கேளுங்கள். காப்பீடு தராதது, அந்த மூன்று வாரம் வீட்டில் சமைக்கவும் மாட்டைப் பார்க்கவும் ஒரு ஆள். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் இங்கே பின்வரிசையில் நிற்கும் ஆண்கள். மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் ‘சாப்பாட்டுக்கு என்ன வழி’ என்று போன் செய்யாதிருப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

ஊராட்சித் தலைவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் துணை சுகாதார நிலையத்தின் அறைக்குள் போய்ப் பாருங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஜன்னலுக்குத் திரை இருக்கிறதா? ரவிக்கையைக் கழற்றி உட்கார வேண்டிய பெண்ணுக்கு மேமோகிராமைவிட அந்தத் தாழ்ப்பாள் முக்கியம். ஊராட்சி நிதியில் ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை. நம் மாநிலத்தில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கிராம சபையில் கிராம சுகாதார செவிலியரை மரியாதையோடு அழைத்து உட்கார வைத்து, கடந்த ஓராண்டில் மார்பில் சந்தேகம் என்று எத்தனை பேரை மேலே அனுப்பினீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ரிப்போர்ட் கைக்கு வந்தது, சிகிச்சை தேவைப்பட்டவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள். யாருடைய பெயரையும் கேட்காதீர்கள். அது அந்தப் பெண்ணின் சொந்த விஷயம். எண்ணை மட்டும் கேளுங்கள். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையே எத்தனை பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அந்தப் பெண்களை ஜி.எச்.சுக்கு அழைத்துப் போகும் பொறுப்பைச் சபை கலைவதற்குள் ஒரு சுய உதவிக் குழுவிடம் ஒப்படையுங்கள்.